பிறந்தநாள் குழந்தைக்கா? கிரகத்துக்கா?

(ஒரு தோழரின் இல்லத்தில், அவருடைய பெண் குழந்தைக்கு ஓராண்டு நிறைந்ததை முன்னிட்டுக் கூடிய உறவினர், அண்டை அயலார் முன் பேசியது)



இந்த வீட்டுக் குழந்தைக்கு இன்று ஒரு வயது நிறைகிறது. சாப்பாட்டுக்கு முன் நாலு வார்த்தை பேசவேண்டுமென்று வீட்டுக்காரர்கள் நமக்குக் கட்டளையிட்டிருக்கிறார்கள். கலியாணமென்றால் அதில் பிரசங்கம் செய்வது நம்மவர்களுக்குள் வழக்கமாகி விட்டது. ஒரு வயதுக் குழந்தையின் பிறந்தநாளில் என்ன பிரசங்கம் வேண்டிக் கிடக்கிறதென்று சிலர் நினைக்கக் கூடும். யோசித்துப் பார்த்தால் கலியாணத்தைவிட இதில்தான் பேசவேண்டியது அதிகம். ஏனெனில் கலியாணத்தில் சம்பந்தப்பட்ட இருவருக்கும் வாயிருக்கிறது. பிடிக்கவில்லையென்றால் பிடிக்கவில்லை என்று சொல்லிவிடலாம். குழந்தைக்கோ வாயில்லை. அதன் பேரைச் சொல்லி யார் எதைச் செய்தாலும், எவன் எவ்வளவு பணம் பிடுங்கினாலும், யார்மீது என்ன பழி போட்டாலும் அது சும்மா பார்த்துக்கொண்டிருக்க வேண்டியதுதான். ஆகையால் வாயில்லாத அந்தக் குழந்தைக்கு ஒரு வக்கீலாக நின்று பேசுகிறோம் என்று வைத்துக்கொள்ளுங்கள்.

முதலாவது, குழந்தையின் பிறந்தநாளைக் கொண்டாடவே கூடாதென்று சொல்ல நாம் வரவில்லை. கொண்டாட வேண்டியதுதான். அதிலும் முதலாண்டு நிறைவைக் கொண்டாடுவதற்கு நல்ல காரணமிருக்கிறது. மனிதனுடைய ஆயுளிலே குழந்தைப் பருவத்தில் மிகவும் ஆபத்தான காலம் முதல் ஒரு வருஷம்தான். இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் இந்தியாவில் பிறந்த 1000 குழந்தைகளில் சுமார் 200 குழந்தைகள் ஒரு வயது நிறையுமுன் செத்துப்போயின. அதாவது ஐந்துக்கு ஒன்று மண்ணுக்குப் போயிற்று. இங்கே இருக்கிற பாட்டிமார்களைக் கேளுங்கள். அவர்களுடைய தாயார் எத்தனை பெற்றாள், எத்தனை தங்கிற்று என்று சொல்லுவார்கள். ‘பெற்றது எட்டு, தங்கினது நாலு’ என்று கணக்குச் சொல்லாத குடும்பம் அந்தக் காலத்தில் அபூர்வம். 2020ஆம் வருஷத்துச் சர்க்கார் கணக்குப்படி இந்தியாவில் 1000க்கு 28 ஆகவும், தமிழ்நாட்டில் 1000க்கு 13 ஆகவும் அந்தச் சாவு குறைந்திருக்கிறது. 13ம் இருக்கக் கூடாததுதான். ஆனாலும் 200 எங்கே? 13 எங்கே?

இந்த வித்தியாசம் எதனால் வந்தது? இதைத்தான் ஒவ்வொரு பிறந்தநாளிலும் நாம் கேட்க வேண்டும். ஆயுள் ஹோமம் வளர்த்ததனால் வந்ததா? 200 செத்த காலத்திலும் ஹோமம் இருந்தது. கழிப்பு இருந்தது, தாயத்து இருந்தது, மந்திரித்த கயிறு இருந்தது, நெற்றியில் கறுப்புப் பொட்டும் இருந்தது. இன்னும் சொன்னால் இப்போதைவிட அப்போதுதான் அதிகம். அவையெல்லாம் இருந்தபோது செத்தது 200. புதிதாக வந்தவை என்ன? பிரசவ ஆஸ்பத்திரி வந்தது. கொடி அறுக்கிற கத்தியைச் சுத்தம் செய்யவேண்டுமென்ற அறிவு வந்தது. நல்ல தண்ணீர் வந்தது. பேதிக்கு உப்பும் சர்க்கரையும் கலந்த நீரைக் கொடுத்தால் பிழைக்கும் என்பது தெரிந்தது. தடுப்பூசி வந்தது. அம்மை நோயை எடுத்துக்கொள்ளுங்கள். அது ஒரு தெய்வத்தின் கோபம் என்று சொல்லி வேப்பிலையைக் கட்டி எத்தனை நூற்றாண்டு சும்மாயிருந்தோம்! 1796இல் ஜென்னர் என்ற ஒரு வைத்தியர் பசுவம்மைப் பாலைக்கொண்டு பெரியம்மையைத் தடுக்கலாமென்று காட்டினார். அந்த வழியில் வேலை செய்துகொண்டே போனதில், 1975க்குப் பிறகு இந்தியாவில் பெரியம்மை இல்லை. 1980இல் உலகத்திலேயே இல்லையென்று அறிவித்து விட்டார்கள். இளம்பிள்ளை வாதமும் அப்படியே. 2011 ஜனவரிக்குப் பிறகு இயற்கையாகப் பரவுகிற அந்த நோய்க்கிருமியால் நம் நாட்டில் ஒரு குழந்தைக்கும் கால் விளங்காமல் போகவில்லை. எந்தக் கிரகமும் இடம் மாறியதாக ஜோசியர்கள் நமக்குச் சொல்லவில்லை. மனிதன் மாறினான், அவ்வளவுதான்.

ஆகவே பிறந்தநாளில் நன்றி சொல்ல வேண்டுமானால் யாருக்குச் சொல்லவேண்டும்? முதலில் பெற்றவளுக்கு. பிரசவம் என்பது பெண்ணுக்கு மறுபிறப்பு என்று நீங்களே சொல்லுகிறீர்கள். 2018-20 கணக்குப்படிகூட இந்தியாவில் ஒரு லட்சம் பிரசவத்திற்கு 97 தாய்மார்களும், தமிழ்நாட்டில் 54 தாய்மார்களும் உயிரை விட்டிருக்கிறார்கள். அப்படியிருக்க, பிள்ளை பிறந்தநாளன்று அந்தத் தாயை விடியற்காலம் நாலு மணிக்கு எழுப்பி அடுப்படியில் நிறுத்திவிட்டு, வந்தவர்களெல்லாம் தகப்பனாருக்குக் கைகொடுத்து விட்டுப் போவது எந்த நியாயம்? அடுத்தபடி, வெயிலிலே வீடு வீடாய் வந்து ‘ஊசி போட்டாயிற்றா?’ என்று கேட்கிற கிராமச் செவிலிக்குச் சொல்லவேண்டும். அந்தக் காலத்தில் மருத்துவச்சி என்று ஒருத்தி இருந்தாள். குழந்தையை முதன் முதலில் கையில் ஏந்தினவள் அவள்தான். ஆனால் அவளைத் தாழ்ந்த ஜாதி என்று சொல்லி, வேலை முடிந்ததும் வீட்டைக் கழுவிவிட்டார்கள். பெயர் வைக்கிற நாளில் அவளுக்கு நடையில்கூட இடமில்லை. குழந்தையைத் தொட்டு உலகத்துக்குக் கொண்டுவந்தவள் தீட்டு. தொடாமல் தட்சணை வாங்கினவர் சுத்தம்! இதுதான் நம்முடைய பழைய நன்றியறிதல்.

நிற்க. பிறந்தநாள் என்றால் எந்த நாள் என்பதிலேயே நமக்குள் சண்டையிருக்கிறது. தேதியா? நட்சத்திரமா? சந்திரன் ஒரு சுற்றுச் சுற்றிவரச் சுமார் 27 நாளும் 8 மணியும் ஆகிறது. தமிழ் மாதமோ 29 முதல் 32 நாள் வரை. ஆகையால் சில சமயம் ஒரே மாதத்தில் ஒரு நட்சத்திரம் இரண்டு தடவை வந்துவிடுகிறது. முந்தினதா, பிந்தினதா என்று கேட்க ஜோசியரிடம் ஓடுகிறார்கள். தன் பிள்ளை பிறந்தநாளைத் தெரிந்துகொள்ளப் பெற்றவள் அயலானைக் கேட்கவேண்டியிருக்கிறது! பெற்றவளுக்குத் தெரியாத நாள் அவருக்கு எப்படித் தெரியும்?

தேதியைக் குறித்து வைத்துக்கொள்ளுவதனால் உள்ள பிரயோஜனம் வேறு. முன்காலத்தில் நம்மில் பலருக்குப் பிறந்த தேதியே கிடையாது. ‘பெருவெள்ளம் வந்த வருஷம் பிறந்தவன்’, ‘பஞ்சத்துக்கு அடுத்த வருஷம் பிறந்தவள்’ என்பார்கள். பள்ளிக்கூடத்தில் வாத்தியார் பையனுடைய வலக்கையைத் தலைக்குமேலே போடச் சொல்லி, இடக்காதைத் தொட்டால் ஐந்து வயது என்று ஒரு தேதியைத் தாமாகவே எழுதிக்கொள்ளுவார். பெண்ணுக்கு அந்தப் பொய்த் தேதியும் கிடையாது. வயது தெரியாததனால் யாருக்கு நஷ்டம்? பெண்ணுக்குத்தான். 1929இல் சாரதா சட்டம் வந்து பெண்ணுக்கு 14 வயதுக்குள் கலியாணம் கூடாதென்றபோது, பத்து வயதுப் பெண்ணைப் பதினாலு என்று சாதிப்பது சுலபமாயிருந்தது. 1978இல் அந்த வயது 18 ஆயிற்று. இன்று ஒரு பெண்ணைப் பதினைந்து வயதில் தாலிகட்டி அனுப்பப் பார்த்தால் அவளைக் காப்பாற்றுவது ஜாதகமல்ல, பிறப்புச் சான்றிதழ்தான். 1969ஆம் வருஷச் சட்டப்படி பிறந்த 21 நாளுக்குள் பதிவு செய்யவேண்டும். குழந்தையின் பெயரை 12 மாதத்துக்குள் கட்டணமில்லாமல் அதில் சேர்த்துக் கொள்ளலாம். அதற்குப் பிறகு கட்டணம் கட்டி 15 வருஷம் வரை சேர்க்கலாம். 2023 அக்டோபர் முதல் தேதிக்கு மேல் பிறந்த குழந்தைகளுக்குப் பள்ளிக்கூடத்தில் சேருவது முதல் ஓட்டுரிமை வரை அந்தச் சான்றிதழே ஆதாரம் என்று சட்டம் திருத்தப்பட்டிருக்கிறது. ஜாதகக் கட்டத்தைப் பட்டுத்துணியில் சுற்றிப் பெட்டியில் வைக்கிறவர்கள் சான்றிதழில் பெயர் ஏறியிருக்கிறதா என்று பார்ப்பதில்லை. முதலாண்டு நிறைவன்று பார்க்க வேண்டிய முதல் காகிதம் அதுதான்.

ஜாதகத்தால் நஷ்டம் பணத்தோடு போனால் நாம் இவ்வளவு பேசமாட்டோம். அதனால் குழந்தையின்மீது பழி விழுகிறது, அதுதான் கொடுமை. கொடி சுற்றிப் பிறந்தால் மாமனுக்கு ஆகாது என்கிறார்கள். மாமன்காரன் குழந்தை முகத்தை நேரே பார்க்கக் கூடாதாம்; எண்ணெயிலே நிழலைப் பார்த்துவிட்டுத்தான் பார்க்கவேண்டுமாம். தாயின் வயிற்றுக்குள் குழந்தை புரளுவதால் கொடி சுற்றிக்கொள்ளுகிறது. ஐந்து குழந்தைக்கு ஒன்றுக்காவது அப்படி இருக்கிறதென்று பிரசவ வைத்தியர்களுக்குத் தெரியும். அப்படியானால் இந்த நாட்டிலே மாமன்மார்கள் மிச்சமிருக்க முடியுமா? பெண் மூல நட்சத்திரத்தில் பிறந்தால் மாமனாருக்கு ஆகாதாம். ஆயில்யமானால் மாமியாருக்கு ஆகாதாம். நட்சத்திரம் 27. ஆகையால் உத்தேசமாய் 27 பெண்களில் ஒருத்தி மூலத்தில் பிறந்துதான் தீரவேண்டும். ஓர் ஊரில் 2,700 பெண்கள் இருந்தால் 100 பேர் மூலம். அந்த 100 பேருடைய மாமனார்களும் கலியாணமான மறுமாதம் செத்தார்களா? மற்ற 2,600 பேருடைய மாமனார்கள் சாகாமல் சிரஞ்சீவியாய் இருக்கிறார்களா? இதைக் கணக்குப் போட்டுப் பார்க்க ஒருவருக்கும் நேரமில்லை. ஆனால் ‘மூலத்துப் பெண் வேண்டாம்’ என்று சொல்லி, முப்பது வயதுவரை ஒரு பெண்ணை வீட்டில் அழவைக்க எல்லோருக்கும் நேரமிருக்கிறது. இன்று தொட்டிலில் கிடக்கிற குழந்தைக்கு, இருபத்தைந்து வருஷம் கழித்து அழவேண்டிய அழுகையை இப்பொழுதே எழுதிக் கையில் கொடுப்பதற்குப் பெயர் ஜாதகம்.

இன்னொரு கணக்கும் பாருங்கள். இந்தியாவில் வருஷத்திற்கு இரண்டு கோடிக்கு மேல் குழந்தைகள் பிறக்கின்றன. நாளொன்றுக்கு ஐம்பதாயிரத்துக்கு மேல் ஆகிறது. நாளுக்கு 60 நாழிகை. ஒரு நாழிகைக்கு 900 குழந்தைக்குக் குறையாது. ஒரே நாழிகையில், ஒரே ராசி நட்சத்திரத்தில் பிறந்த இந்த 900ல் ஒன்று மாடிவீட்டில் வளருகிறது, ஒன்று நடைபாதையில் வளருகிறது, ஒன்று டாக்டராகிறது, ஒன்று கல் உடைக்கிறது. கிரகம் ஒன்றாயிருந்தும் கதி ஒன்றாயில்லையே, ஏன்? ஒன்றுக்குப் பால் கிடைத்தது, ஒன்றுக்குக் கிடைக்கவில்லை. ஒன்றுக்குப் பள்ளிக்கூடம் கிடைத்தது, ஒன்றுக்குக் கிடைக்கவில்லை. வானத்தில் தேடவேண்டியதில்லை; காரணம் தெருவிலேயே இருக்கிறது.

தோழர்களே! இனி நாம் சொல்லப்போவது கொஞ்சம் மனத்தை உறுத்துவதாயிருக்கலாம். ஆனாலும் இதைச் சொல்லாவிட்டால் இன்று நாம் பேசியதில் பிரயோஜனமில்லை. பிறந்தநாளன்று குழந்தைக்கு ஆரத்தி எடுக்கிறார்கள். யார் எடுக்கிறார்கள்? ‘சுமங்கலிகள் ரெண்டு பேர் வாருங்கள்’ என்கிறார்கள். வீட்டில் ஒரு பாட்டி இருப்பாள். பத்துமாதமாய்க் குழந்தையைக் காலில் போட்டு எண்ணெய் தேய்த்துக் குளிப்பாட்டினவள் அவள். பெற்றவள் வேலைக்குப் போனபின் மடியிலிருந்து இறக்காமல் வைத்திருந்தவள் அவள். இராத்திரி இருமினால் முதலில் எழுந்தவளும் அவளே. புருஷன் செத்துப்போனான் என்ற ஒரே குற்றத்துக்காக அவள் இன்றைக்கு மட்டும் சமையற்கட்டு நிலைப்படிக்கு அந்தப்பக்கம் நின்று எட்டிப் பார்க்கவேண்டும். யாரும் போகச் சொல்லவேண்டியதில்லை, அவளே ஒதுங்கிக்கொள்ளுவாள். அப்படிப் பழக்கிவைத்திருக்கிறோம். அடிமைத்தனத்துக்கு அதைவிடப் பெரிய அடையாளம் வேறென்ன வேண்டும்? வருஷத்தில் 364 நாள் அவள் கை பட்டுக் குழந்தை வளர்ந்தது. 365ஆவது நாள் அதே கை பட்டால் குழந்தைக்கு ஆகாதா? விதவைகள் மறுமணம் செய்துகொள்ள 1856லேயே சட்டம் வந்துவிட்டது. அதற்கப்புறம் 160 வருஷத்துக்கு மேல் ஆகியும், சட்டம் கலியாணமே செய்துகொள்ளலாம் என்று சொன்ன பெண்ணுக்குப் பேத்தியின் நெற்றியில் பொட்டுவைக்கிற உரிமையை நம் வீடு கொடுக்கவில்லை. மனைவி செத்த தாத்தா மட்டும் நடுக்கூடத்தில் நாற்காலி போட்டு உட்கார்ந்து ஆசீர்வாதம் செய்கிறார்! சகுனம் ஆணுக்குப் பயப்படுகிறது போலிருக்கிறது.

இதில் பாட்டிக்கு மட்டும் அவமானமென்று நினைக்காதீர்கள். குழந்தை பார்த்துக்கொண்டேயிருக்கிறது. மூன்று வயது, நாலு வயதுப் பிறந்தநாளில் அது கேட்கும்: ‘பாட்டி ஏன் வரவில்லை?’ என்று. அன்றைக்கு நீங்கள் சொல்லுகிற பதில்தான் அதற்கு முதல் பாடம். மனிதரில் நல்ல சகுனம், கெட்ட சகுனம் என்று இரண்டு ஜாதி உண்டு என்பதைப் பிறந்தநாள் பரிசாகக் கொடுக்கிறீர்கள். அது பெண் குழந்தையாயிருந்தால், ‘நாளைக்கு உனக்கும் இந்த இடம்தான்’ என்று இடத்தையும் காட்டிவைக்கிறீர்கள்.

இனி, செலவைப் பற்றிச் சுருக்கமாய்ச் சொல்லுகிறோம். மொட்டையென்றும் காதுகுத்து என்றும் தாய்மாமன் தலையில் சீர்ச் செலவைக் கட்டுகிறார்கள். அவன் கடன்பட்டுத் தட்டுத் தட்டாய்க் கொண்டுவருகிறான். புதுமாதிரிக்காரர்களோ மண்டபம் பிடித்து, ஆளுயரப் படம் அடித்து, மூன்றடுக்குக் கேக் வெட்டி, வீடியோக்காரரை வைத்துக்கொண்டு, தூக்கத்துக்கு அழுகிற குழந்தையை விளக்கு வெளிச்சத்தில் இரண்டு மணிநேரம் நிறுத்திவைக்கிறார்கள். கேக் வெள்ளைக்காரன் பழக்கம், ஆகையால் தள்ளு என்று நாம் சொல்லவில்லை. எந்த ஊர்ப் பழக்கமாயிருந்தாலென்ன? அதனால் குழந்தைக்கு என்ன லாபம் என்பதுதான் கேள்வி. இரண்டு வயதுவரை சர்க்கரை சேர்க்காமலிருப்பதே நல்லதென்பது குழந்தை வைத்தியர்களின் அபிப்பிராயம். ஒரு வயதுக்குள் தேன் நாக்கில் தடவுவதே ஆபத்து. உடைந்த பலூன் துண்டு தொண்டையில் சிக்கினால் உயிருக்கே ஆபத்து. புரோகிதரைத் தள்ளிவிட்டு அந்த இடத்தில் மண்டபக்காரரை உட்கார வைப்பது பகுத்தறிவாகாது. ஆள் மாறினதுதான் மிச்சம்.

இந்தச் செலவுக்கு 20,000 ரூபாய் கடன் வாங்கினால், நூற்றுக்கு இரண்டு வட்டியில் மாதம் 400 ரூபாய். வருஷத்திற்கு 4,800. அடுத்த பிறந்தநாளில் குழந்தைக்கு ஒரு வயது கூடும். கடனுக்கும் ஒரு வயது கூடும். குழந்தை பாலுக்கு அழும்; கடன் வட்டிக்கு அழும். இரண்டில் எதற்கு முதலில் கொடுப்பீர்கள்? கடன்காரன் வாசலில் நிற்பான். குழந்தை வாசலில் நின்று கேட்காது.

அப்படியானால் என்னதான் செய்வதென்று கேட்பீர்கள். வீட்டிலேயே, வீட்டாரோடு, அக்கம் பக்கத்தாரோடு செய்யுங்கள். காலையில் குழந்தையை நிலைக்கதவோரம் நிறுத்தித் தலைக்குமேல் பென்சிலால் ஒரு கோடு போட்டுத் தேதி எழுதுங்கள். பிறக்கும்போது சுமார் 50 சென்டிமீட்டர் இருந்த குழந்தை ஒரு வயதில் சுமார் 75 ஆகிறது. எடை பிறந்ததைப்போல் ஏறக்குறைய மூன்று பங்காகவேண்டும். அங்கன்வாடியில் நிறுத்துப் பார்த்துக் குறைந்திருந்தால், பரிகாரம் தேடாமல் வைத்தியரைத் தேடுங்கள். வருஷா வருஷம் ஏறுகிற அந்தக் கோடுகள்தான் மெய்யான ஜாதகம். தடுப்பூசி அட்டையை எடுத்துப் பாருங்கள். ஒன்பது மாதம் முடிந்ததும் போடவேண்டிய தட்டம்மை ஊசி போட்டாயிற்றா, அடுத்தது 16 மாதத்திலிருந்து 24 மாதத்துக்குள் என்பது குறித்தாயிற்றா என்று கவனியுங்கள்.

சமையலைத் தகப்பனார் பார்க்கட்டும். தாய் உட்கார்ந்து சாப்பிடட்டும். ஜாதி பாராமல் தெருக் குழந்தைகளைக் கூப்பிட்டு ஒரே பந்தியில் உட்கார வையுங்கள். பரிசு கொடுக்கிறவர்கள் வெள்ளிக் கொலுசுக்குப் பதிலாகப் படம் போட்ட புத்தகம் கொடுங்கள். பெண் குழந்தையானால் 10 வயதுக்குள் தபாலாபீசில் செல்வமகள் சேமிப்புக் கணக்குத் திறக்கலாம். வருஷத்துக்கு 250 ரூபாய் கட்டினாலும் போதும். ஆண் குழந்தைக்குச் செய்கிறதைப் பெண் குழந்தைக்கும் குறையாமல் செய்யுங்கள். பெண்ணுக்கும் சொத்தில் சமபங்கு வேண்டுமென்று 1929இல் செங்கற்பட்டு மாநாட்டில் தீர்மானம் செய்தபோது பலர் சிரித்தார்கள். 1989இல் தமிழ்நாட்டிலும், 2005இல் இந்தியா முழுவதிலும் அது சட்டமாய் வந்துவிட்டது. சட்டத்தில் வந்தது வீட்டிலும் வரவேண்டாமா? சட்டம் பங்கு கொடுக்கும். மதிப்பை வீடுதான் கொடுக்க வேண்டும்.

கடைசியாக, குழந்தையை வாழ்த்துகிற முதல் கை அதை வளர்த்த பாட்டியின் கையாக இருக்கட்டும். ஒரு காசு செலவில்லை. ஒரு சட்டமும் தேவையில்லை. ‘அம்மா, நீங்கள் வாருங்கள்’ என்று மகனோ மருமகளோ நாலுபேர் முன்னால் ஒரு வார்த்தை கூப்பிட வேண்டும், அவ்வளவுதான். அதற்குத் துணிவு வேண்டும் என்பது நமக்குத் தெரியும். பெரியம்மா முகத்தைச் சுளிப்பாள். சின்னத்தாத்தா எழுந்து போவார். போகட்டும். மறு வருஷம் சாப்பாட்டுக்கு வந்துவிடுவார்கள். அந்த ஒரு வார்த்தையைச் சொல்லுகிற வீட்டில் பிறந்த குழந்தை, எந்த நட்சத்திரத்தில் பிறந்திருந்தாலும், நல்ல இடத்தில் பிறந்த குழந்தையே ஆகும்.

இக்குழந்தை நோயின்றி வளர்ந்து, நிறையப் படித்து, யாருக்கும் தலைகுனியாமலும் யாரையும் தலைகுனிய வைக்காமலும் வாழவேண்டுமென்று நாமெல்லோரும் விரும்புகிறோம்.